அம்மா ஏன் நடக்கப் போவதில்லை? – கடிதம்

வணக்கம் மேடம்,

அம்மாவுக்கு 68 வயது. அப்பா தவறி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது எங்களோடு மடிப்பாக்கத்தில் இருக்கிறார். எதிலும் பிடிப்பில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். இரண்டு நாள் போனார். அப்புறம் ‘மூட்டு வலிக்குது, வீட்டு வேலையே போதும்’ என்று நிறுத்திவிட்டார். நடந்தால் மனசு தேறும் என்கிறார்களே, உண்மையா?

– வாசகி, மடிப்பாக்கம்

அன்புள்ள வாசகிக்கு,

உண்மைதான். ஆனால் எடுத்த எடுப்பில் அரை மணி நேர நடை என்பது பிசகு. அந்த வயதில் தொடைத் தசை மெலிந்திருக்கும். அந்தக் காலோடு பள்ளம், பைக், தெருநாய் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும் என்றால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வரத்தான் செய்யும். மூட்டு வலி என்று அவர் சொல்வதில் அந்தப் பயமும் கலந்திருக்கலாம்.

முதலில் காலுக்கு பலம். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும். சாப்பாட்டு மேஜையின் மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் இடம் தாழ்வாக இருந்தால் மடித்த போர்வையை வையுங்கள். புடவை, நைட்டி காலில் தட்டக் கூடாது. பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். பலரும் நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பார்கள், முட்டிதான் வலிக்கும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்கணும். தசைக்கு வேலை அங்கேதான். எட்டு முறை, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள். தொடையில் லேசான வலி ஓரிரு நாள் இருக்கும், பரவாயில்லை. முட்டி வீங்கினாலோ மறுநாளும் வலித்தாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பதையும் சேர்க்கலாம். அடுப்பு எரியும்போது வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் கழித்து நடை. காலை பத்து, மாலை பத்து நிமிஷம். மொட்டை மாடியோ அபார்ட்மென்ட் காரிடாரோ போதும். ஹவாய் செருப்பு வேண்டாம், பின்பட்டி உள்ளது நல்லது. பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். சில சர்க்கரை மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை சட்டென இறங்கும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன வாரம் 150 நிமிஷத்துக்கு மெதுவாகப் போய்ச் சேரலாம்.

வீட்டு வேலையும் உடலசைவுதான். ஆனால் மனநலத்தோடு தெளிவான தொடர்பு தெரிவது விருப்பத்துக்குச் செய்யும் அசைவில்தான். பாத்திரம் தேய்ப்பதில் அது மங்கல். அதனால் ‘நடந்துட்டு வா’ என்று விரட்டாதீர்கள், ‘காய் வாங்கப் போறேன், துணைக்கு வாம்மா’ என்று கூப்பிடுங்கள். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் வராது. நேரத்தைக் குறித்துவிடுங்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, சாப்பாடு இறங்காமை, ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற பேச்சு இருந்தால் நாற்காலிப் பயிற்சியை நம்பி உட்கார வேண்டாம், உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். தைராய்டும் வைட்டமின் பி12-உம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை வருஷக்கணக்காகச் சாப்பிட்டால் பி12 குறையலாம்.

இன்னொன்று, தனியாக இருக்கும்போது கேளுங்கள்: இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? வெளியே போகாததற்குப் பல பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் இது. சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கி ஐந்து விநாடி, தளர்த்தி ஐந்து விநாடி. பத்து முறை, தினம் மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகவும் கூடாது. பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை பேட் வைத்துக்கொண்டு வெளியே போகட்டும்.