அரச அறிவித்தல் எந்தப் பேப்பரில் வரும்? வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மாங்குளத்திலிருந்து: ஐயா, 2025இல் எங்கள் பக்கத்துக் காணிகளுக்கு வர்த்தமானி வந்ததை ஆட்கள் சொல்லித்தான் அறிந்தோம். இப்படி நடக்கலாமா?

நடந்ததே! 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானி அது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னாரில் ஏறக்குறைய 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றார்கள். இடம்பெயர்வில் காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவரும், பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருப்பவரும் மூன்று மாதத்தில் என்ன செய்வது? எதிர்ப்பு வலுத்து, வழக்கும் போட்ட பிறகு, ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வர்த்தமானியை மட்டும் நம்பி ஒரு சனத்தின் காணியில் கைவைப்பது அநியாயம் என்பதே என் எண்ணம்.

புதுக்குடியிருப்பிலிருந்து: காணி சுவீகரிப்பு என்றால் பேப்பரில் போடத்தானே வேண்டும்?

முதல் படியில் அப்படியில்லை, தம்பி. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தலை அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும்படி மூன்று மொழியிலும் ஒட்டினால் போதும். ஆகவே வேலிக் கதியாலில் ஒரு கடதாசி தொங்கினால் கிழிக்காதீர்கள். திகதியும் கையொப்பமும் தெரியப் படம் எடுத்து வையுங்கள். அதன் பிறகு இதே சட்டத்தின் 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால், ஆட்சேபம் எழுத ஆகக்குறைந்தது 14 நாள் தரவேண்டும்.

கொக்கிளாயிலிருந்து: மணல் அகழ்வு மாதிரியான திட்டங்களுக்கு?

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டமென்றால், அந்த அறிக்கையை எங்கே பார்க்கலாம் என்று வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மொழிக்கு ஒரு பத்திரிகையிலும் அறிவிக்க வேண்டும். இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதிலிருந்து 30 நாள் கருத்துச் சொல்லலாம். ஓட்டை எங்கே என்றால், 'ஒரு தமிழ்ப் பத்திரிகை' என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. கொக்கிளாய்க் கடைக்கு வராத கொழும்புப் பேப்பரில் போட்டாலும் சட்டப்படி சரி. திட்டம் எந்த மாவட்டத்திலோ, அங்கே விற்கும் பேப்பரிலும் போட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். அதுவரை சங்கங்கள் பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

மல்லாவியிலிருந்து: சிங்களத்தில் மட்டும் அறிவித்தல் வந்தால்?

வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குப் பிரதியோடு முறைப்பாடு அனுப்புங்கள்.

கிளிநொச்சியிலிருந்து: 'பேப்பரில் போட்டோம்' என்று கந்தோரில் சொல்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுங்கள், தங்கச்சி. எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி, எத்தனையாம் பக்கம், அந்தப் பத்திரிகையைத் தெரிவு செய்தது யார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் தகவல் அலுவலர் சொல்லவேண்டும். விண்ணப்பம் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள்.