வெளிநாட்டில் சைக்கிளிலேயே சுற்றிப் பார்க்க எந்த இடத்தைப் பரிந்துரைப்பீர்கள்? இயற்கையும் வேண்டும், பேர்பெற்ற கட்டடமும் வேண்டும்.

என் பதில் நெதர்லாந்தின் ஹோகே வேலுவே தேசியப் பூங்கா. நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே வேலிக்குள் இருக்கிறது, அதுவும் சைக்கிளுக்கென்றே போட்ட பாதைகளோடு. பக்கத்திலுள்ள வாகனிங்கன் ஊரில் மண்ணியல் படித்த காலத்தில் அங்கே அடிக்கடி போய்வர வாய்த்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.

நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போனதும் வெள்ளை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். பூங்கா முழுக்க சுமார் 1,800 இருக்கின்றன. சீட்டு வாங்கியவர்களுக்கு இலவசம். உயரம் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். குழந்தை இருக்கை வைத்த வண்டிகளும் உண்டு. நீங்கள் நிறுத்திய வண்டியை வேறு யாராவது எடுத்துப் போயிருந்தால், பக்கத்தில் நிற்பதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். 1965இல் ஆம்ஸ்டர்டாமில் ப்ரோவோ என்ற இளைஞர் இயக்கம் இப்படி ஊருக்கே பொதுவான வெள்ளை சைக்கிள் திட்டத்தை முன்வைத்தது. நகரத் தெருவில் அது நிலைக்கவில்லை. இந்தப் பூங்காவில் மட்டும் 1970களில் தொடங்கி இன்றுவரை நன்றாக ஓடுகிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கைப்பிடியில் பிரேக் இருக்காது. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால்தான் சக்கரம் நிற்கும். நம் ஊர் சைக்கிள் ஓட்டிய கை தன்னால் பிரேக்கைத் தேடும், அதனால் வாசல் பக்கத்திலேயே இரண்டு வட்டம் அடித்துப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் கவலையில்லை, தரை பெரும்பாலும் சமம்தான்.

பூங்கா ஏறக்குறைய 5,400 ஹெக்டேர். ஒட்டர்லோ வாசல் வழியாக வந்தால் முதலில் பைன் காடு. அது முடிந்ததும் ஹீதர் புதர் மண்டிய திறந்தவெளி. ஆகஸ்ட் பிற்பகுதியில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஊதாப் பூவாக இருக்கும். இன்னும் கொஞ்சம் மிதித்தால், கடல் பக்கத்திலேயே இல்லாத இடத்தில் மேடு மேடாக மணல். அங்கே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மணலில் குந்திப் பாருங்கள். சாம்பல் கலந்த நீல நிறத்தில், ஊசி போன்ற இலைகளோடு ஒரு புல் கொத்துக் கொத்தாக நிற்கும். அதன் அடியில் மணலை இறுக்கிப் பிடித்த பாசி, பக்கத்திலேயே வெளிறிய லைக்கன்கள் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்கள்). மணல் பறக்காமல் நிற்பது இந்தச் சின்ன உயிர்களால்தான்.

மணல் பனியுகத்தில் வந்து சேர்ந்தது. அதை வெளியே கொண்டுவந்தது மனிதர்கள். நூற்றாண்டுக் கணக்கில் இங்கே ஆடு மேய்த்தார்கள். மேல்மண்ணைப் புதரோடு பாளம் பாளமாக வெட்டி ஆட்டுக் கொட்டிலில் பரப்பி, புழுக்கை ஊறியதும் வயலுக்கு எருவாகப் போட்டார்கள். வயல் விளைந்தது, வெட்டிய இடம் புதர்வெளியாகி, அப்புறம் மணல்வெளியானது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் என்று பள்ளியில் படித்திருப்போம். அங்கே வெயிலால் நடந்தது இங்கே எருவால் நடந்திருக்கிறது. ரசாயன உரம் வந்தபின் எருவுக்குத் தேவை குறைந்தது. ஓடும் மணலை அடக்கப் பைன் நட்டார்கள்.

இப்போது அதே மணலையும் புதர்வெளியையும் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். முளைக்கும் மரக்கன்றுகளைப் பிடுங்குகிறார்கள், சில இடங்களில் மேல்மண்ணையே சீவி எடுக்கிறார்கள். இந்த மாதிரி வெறும் மணலையும் ஹீதரையும் நம்பி வாழும் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் மேற்கு ஐரோப்பாவில் வேறு போக்கிடம் குறைவு. மேற்கே இருக்கும் கோழி, பன்றி, மாட்டுப் பண்ணைகளிலிருந்து கிளம்பும் அம்மோனியா இங்கே வந்து படிகிறது. அதிலுள்ள நைட்ரஜன் மண்ணில் கூடக்கூடப் புல் தழைத்து ஹீதரை மூடிவிடும். வாகனிங்கனிலிருந்து சைக்கிளில் வந்தால் வழியில் அந்தப் பண்ணை வாடை மூக்கில் ஏறும்; உள்ளே வந்ததும் ஊதாவுக்கு நடுவே பச்சைப் புல் திட்டுகள் தெரியும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. வகுப்பில் படித்ததைவிட அந்தச் சாலையில் எனக்கு நன்றாகப் புரிந்தது. கண்ணாடி ஏற்றிய காரில் வருகிறவருக்கு இது தெரியாது.

சரி, கட்டடங்களுக்கு வருகிறேன். கப்பல், சுரங்கத் தொழிலில் பணம் குவித்த ஆன்டன் க்ரொல்லர் வேட்டைக்காக 1909 முதல் இந்த நிலத்தை வாங்கிச் சேர்த்தார். மனைவி ஹெலன் க்ரொல்லர்-முல்லர் ஓவியங்களை வாங்கிச் சேர்த்தார். 1930களின் நெருக்கடியில் தொழில் ஆட்டம் கண்டபோது நிலம் ஓர் அறக்கட்டளைக்கும் ஓவியங்கள் அரசுக்கும் போயின. 1938இல் திறந்த க்ரொல்லர்-முல்லர் அருங்காட்சியகம் பூங்காவுக்கு நடுவில் இருக்கிறது. வான்கோவின் ஓவியங்கள் மட்டும் சுமார் 90. ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகத்துக்கு அடுத்து உலகில் பெரிய வான்கோ தொகுப்பு இதுதான். மணலில் மிதித்துக் களைத்து வந்து அந்த மஞ்சளையும் நீலத்தையும் பார்க்கும் அனுபவத்தை நகரத்து அருங்காட்சியகம் எதுவும் எனக்குத் தரவில்லை.

வடக்கே சிந்த் ஹூபர்ட்டுஸ் வேட்டை மாளிகை. பெர்லாகே வடிவமைத்து 1920இல் முடிந்த செங்கல் கட்டடம், முன்னால் வெட்டிய குளம். மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனம் திரும்பிப் புனிதரான வேடர் ஹூபர்ட்டுஸ் என்பது கதை; மாளிகைக்கு அவர் பெயர்தான். கட்டடத்தின் தளவடிவமே மான்கொம்பு மாதிரிதான். ஆன்டன் கொண்டுவந்து விட்ட மூஃப்ளான் காட்டாடுகளைப் பார்க்கலாம் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஓநாய்கள் வந்தபின் அவை வெகுவாகக் குறைந்துவிட்டன.

ரயிலில் ஏடே-வாகனிங்கன் நிலையம் வந்து, அங்கிருந்து பேருந்தில் ஒட்டர்லோ போவது எளிது. தெற்கே ஸ்கார்ஸ்பெர்கன் வாசலிலிருந்து அருங்காட்சியகம் தூரம். குழந்தைகளோடு போனால் அது வேண்டாம். உச்சி வெயிலில் மணல் பக்கம் நிழல் கிடைக்காது, தண்ணீர் எடுத்துப் போங்கள். அருங்காட்சியகத்துக்குத் தனிச்சீட்டு; திங்கட்கிழமை விடுமுறை.