பதினைந்து டிஸ்கில் ஒன்று மட்டும் மக்கர் செய்தால்: சரவுண்ட் பாக்ஸ் செட் கேள்வி பதில்

ஆசையாக வாங்கிய சரவுண்ட் பாக்ஸ் செட்டில் (சுற்றிலும் பல ஸ்பீக்கரில் கேட்கிற மாதிரிப் பதிவான பாட்டு டிஸ்க்குகளின் பெட்டி) ஏதாவது ஒரு டிஸ்க் தகராறு செய்கிறது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். நானும் வாங்கிச் சேர்க்கிற பைத்தியம்தான். தெரிந்ததில் பாதி, கைக்காசைத் தொலைத்துக் கற்றது.

அண்ணா, புது செட்டில் உள்ள டிவிடி-ஆடியோ (பாட்டுக்கென்றே வந்த டிவிடி) ஒன்றில் முதல் நாலு பாட்டு அருமையாக ஓடுகிறது. ஐந்தாவதில் சத்தம் விட்டுவிட்டு வருகிறது. ஏழாவதில் தானாகச் சரியாகிவிடுகிறது. டிஸ்கில் ஒரு கீறல்கூட இல்லை. பிளேயர் போய்விட்டதா?

பிளேயரைத் திட்டாதீர்கள் தம்பி. டிஸ்கை எடுத்து வெளி விளிம்பைப் பாருங்கள்.

சிடியை லேசர் உள்ளிருந்து வெளியே படித்துக்கொண்டு போகும். அதனால் விளிம்பில் கோளாறு இருந்தால் கடைசிப் பாட்டுகள்தான் அடிபடும். இரட்டை அடுக்கு டிவிடியில் கதை வேறு. 0.6 மி.மீ. தகடு இரண்டைப் பசை போட்டு ஒட்டியதுதான் டிவிடி. லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியே படிக்கும். விளிம்பை எட்டியதும் அடுத்த அடுக்குக்குத் தாவி, பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே திரும்பி வரும். ஆக, ஆல்பத்தின் நடுப்பகுதி உட்கார்ந்திருப்பது டிஸ்கின் ஓரத்தில். நடுவில் கெட்டு மறுபடி தெளிந்தால் எனக்கு முதல் சந்தேகம் விளிம்பின் மேல்தான்.

டியூப்லைட்டுக்குக் கீழே டிஸ்கைச் சாய்த்து மெதுவாகச் சுற்றுங்கள். மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தியது போல ஓரத்தில் ஒரு திட்டு வர்ணம் காட்டினால், அங்கே பசை சரியாகப் பிடிக்கவில்லை. துடைத்துப் பயனில்லை, திருப்பி அனுப்புங்கள். ஒரே இடத்தில் அரை நொடி மட்டும் நின்று தொடர்ந்தால் அது அடுக்கு மாறும் இடம், கோளாறு அல்ல. விவரமானவர்கள் அதை இரண்டு பாட்டுக்கு இடைப்பட்ட மௌனத்தில் வைப்பார்கள்.

சார், என் ஹைப்ரிட் எஸ்ஏசிடியில் (சிடி அடுக்கும் சூப்பர் ஆடியோ சிடி அடுக்கும் சேர்ந்த டிஸ்க்) மல்டிசேனல் சரவுண்ட் மட்டும் கடைசி இரண்டு பாட்டில் சிக்குகிறது. கடைக்காரர் தன் சிடி பிளேயரில் போட்டுக் காட்டி, "நல்லாத்தானே ஓடுது" என்கிறார்.

அவர் போட்டுக் காட்டியது வேறு அடுக்கு. ஹைப்ரிட் டிஸ்கில் சிடி அடுக்கு லேபிளை ஒட்டி, அடியிலிருந்து 1.2 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. எஸ்ஏசிடி அடுக்கு 0.6 மி.மீ. ஆழத்தில். முன்னதைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், பின்னதை 650. ஒன்று ஓடுகிறது என்பது மற்றதற்குச் சாட்சியாகாது. இன்னொன்று, எஸ்ஏசிடி அடுக்கில் ஸ்டீரியோ உள்பக்கம், மல்டிசேனல் வெளிப்பக்கம். விளிம்பில் அடிபட்டால் முதலில் சாவது சரவுண்ட்தான். எந்தப் பாட்டில் எத்தனையாவது நிமிடத்தில் சிக்குகிறது என்று வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

பாடகர் குரல் நடுவில் வராமல் வலது முன் ஸ்பீக்கரில் வருகிறது. டிஸ்கை மாற்றி வாங்கினேன். புதிதிலும் அதே கதை!

பத்து தடவை மாற்றினாலும் அதே கதையாகத்தான் இருக்கும். இது ஆலையில் டிஸ்கை அச்சடிக்கும்போது வந்த பிழை அல்ல, அச்சுக்கு முன்பே கோப்புகளை அடுக்கியவர் செய்த பிழை. ஸ்பீக்கருக்கு ஒன்றாக உள்ள ஆறு சேனலை வரிசைப்படுத்துவதில் ஒரே முறை கிடையாது. இடது, வலது, நடு, சப்-ஊஃபர் என்று போவது ஒரு வழக்கம். இடது, நடு, வலது என்று போவது சினிமாக்காரர் வழக்கம். ஒரு வரிசையில் வந்ததை இன்னொரு வரிசை என்று நினைத்து ஏற்றிவிட்டால் நடுவில் இருக்க வேண்டிய குரல் வலதுக்கு ஓடிவிடும். சில சமயம் குரல் சப்-ஊஃபரில் மாட்டிக்கொள்ளும். கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ பாடுவது போல இருக்கும்.

ஆனால் புகார் எழுதுமுன் வேறொரு 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர்) டிஸ்கை அதே பிளேயரில் போட்டுப் பாருங்கள். பழைய டிவிடி-ஆடியோ பிளேயர்களுக்கு ஆறு தனித்தனி ஆர்சிஏ கேபிள் உண்டல்லவா? நான் ஒரு கம்பெனிக்குக் காரசாரமாக இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டு, மறுநாள் தூசி தட்டும்போது பார்த்தால் நடு கேபிளும் வலது கேபிளும் இடம் மாறிக் கிடந்தன. மன்னிப்புக் கடிதம் ஒரே வரிதான் எழுதினேன்.

கேபிள் சரி, மற்ற டிஸ்க்குகளும் சரி என்றால் கம்பெனி திருத்திய பதிப்பு போடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பொறுமை இல்லாதவர்கள் கணினியில் ஏற்றி, சேனல்களை இடம் மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு மணி நேர வேலை.

திருத்திய பதிப்புதான் வந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உறையில் ஒரு வித்தியாசமும் இல்லையே.

உறையைப் பார்க்காதீர்கள். டிஸ்கின் அடிப்பக்கம், நடு ஓட்டையைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஒரு வளையம் இருக்கும். அதில் பொடி எழுத்தில் இருப்பதுதான் மேட்ரிக்ஸ் எண். ஃபோன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் படிக்கலாம். பழைய டிஸ்கின் எண்ணும் புதியதன் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே மாஸ்டரிலிருந்து (அச்சுக்கு மூலமானது) வந்தவை. சேனல் குழப்பம் மாதிரிப் பிழை அப்படியே இருக்கும் என்று போட்டுக் கேட்காமலே சொல்லலாம். பசை, கறை, ஓட்டை மாதிரி அச்சுப் பிழை என்றால் எண் ஒன்றாக இருப்பது பிரச்சினையில்லை. ஐஎஃப்பிஐ என்று ஆரம்பிக்கும் குறியீடும் பக்கத்தில் இருக்கும். அது ஆலையையும் அச்சையும் காட்டுவது.

பழைய 5.1 சிடி ஒன்று இரண்டாம் கையாக வாங்கினேன். போட்டால் வெறும் இரைச்சல். ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அது டிடிஎஸ் சிடி, அதாவது சரவுண்ட் ஒலியை டிடிஎஸ் என்ற முறையில் சுருக்கி வைத்த சிடி. சாதாரண பிளேயருக்கு அது பாட்டு என்றே தெரியாது. ஆப்டிகல் அல்லது கோஆக்ஸியல் கேபிள் வழியாக டிடிஎஸ் புரிகிற ரிசீவருக்குக் கொடுங்கள். அதுவரை வால்யூமைத் தொடாதீர்கள், ஸ்பீக்கர் பாவம்.

2005-இல் வந்த டாக்கிங் ஹெட்ஸ் ராக் இசைக்குழுவின் வெள்ளைப் பெட்டி வைத்திருக்கிறேன். கார் பிளேயர் டிஸ்கை விழுங்கிவிட்டுத் துப்ப மறுக்கிறது.

அமெரிக்கப் பதிப்பு என்றால் அது டூயல்டிஸ்க். ஒரு பக்கம் சிடி, மறுபக்கம் டிவிடி. இரண்டையும் முதுகோடு முதுகு ஒட்டியதில் தடிமன் 1.5 மி.மீ. ஆகிவிட்டது. சிடிக்கு விதித்தது 1.2. சிடி பக்கத்தின் தகடும் சிடி விதிப்படி இல்லை. அதனால்தான் அந்த டிஸ்க்குகளில் சிடி முத்திரையே இருக்காது. வாயில் செருகும் பிளேயரில் போடவே கூடாது, தட்டு நீளும் பிளேயரில் மட்டும் போடுங்கள். காரிலிருந்து எடுக்க மெக்கானிக்கிடம் போங்கள், கத்தியை விடாதீர்கள்.

ஐயா, என் கணவர் சேர்த்து வைத்த சிடிகளில் சில காப்பி நிறத்துக்கு மாறியிருக்கின்றன. சரவுண்ட் டிஸ்க்குகளுக்கும் இது தொற்றுமா?

தொற்றாது அம்மா. உள் வளையத்தில் "மேட் இன் யு.கே. பை பிடிஓ" என்று ஆங்கிலத்தில் இருக்கிறதா பாருங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த அந்த ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிகளில் ஒரு பகுதிக்கு இந்த வியாதி உண்டு. மேலே பூசிய அரக்கு, புத்தகக் காகிதத்தில் இருந்த கந்தகத்தைத் தாங்கவில்லை. உள்ளே உலோக அடுக்கு அரித்து, விளிம்பிலிருந்து பழுப்பு ஏறுகிறது. இன்னும் ஓடினால் இன்றைக்கே கணினியில் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த வருடம் ஓடும் என்று சொல்ல முடியாது.

பதினைந்து டிஸ்க் செட். எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டுமா?

ஆமாம், அதுவும் ரிட்டர்ன் தேதிக்குள். ஒரு செட்டில் மூன்று டிஸ்கைக் கேட்டுவிட்டு மீதியை அலமாரியில் அழகாக அடுக்கினேன். நாலு வருடம் கழித்துப் பதினோராவதைப் போட்டால் பாதியில் நின்றது. "மாற்று டிஸ்க் தீர்ந்துவிட்டது" என்று பணிவாகப் பதில் வந்தது.

நேரமில்லாதவர்கள் கணினியில் ரிப் செய்து (கோப்பாகப் பிரதி எடுத்து) பார்க்கலாம். சிடிக்கு இஏசி என்ற மென்பொருள் போதும். மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டும் சொல்லிவிடும். ப்ளூ-ரேவுக்கு மேக்எம்கேவி. டிஸ்கில் படிக்க முடியாத இடம் இருந்தால் அங்கேயே வேகம் குறைந்து முனகும். ஆனால் சேனல் மாறியிருப்பதும், ஒரு பாட்டின் கடைசி மூன்று நொடி வெட்டுப்பட்டிருப்பதும் கணினிக்குத் தெரியாது. அதற்குக் காதுதான் வேண்டும்.

முழு செட்டையும் அனுப்பச் சொல்கிறார்கள். கூரியர் செலவு பயமுறுத்துகிறது.

முதலில் "அந்த ஒரு டிஸ்க் மட்டும் போதும்" என்று கேளுங்கள். பல பேர் கேட்பதே இல்லை. பில், மேட்ரிக்ஸ் எண், கோளாறு வரும் நிமிடம் மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் வையுங்கள். மாற்று வந்து, முழுக்க ஓடிப் பார்க்கும்வரை பழையதை எறியாதீர்கள். மாற்று டிஸ்கே கெட்டு வந்ததை இரண்டு தடவை பார்த்தவன் நான்.

ப்ளூ-ரேயில் லேசாகக் கீறல். பற்பசை தேய்த்தால் போகும் என்கிறார்களே?

தரவு இருப்பது மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில். சிடியில் தேய்த்துத் தப்பித்தவர்கள் சொல்வதை நம்பி இதில் தேய்த்தால், அந்த மெல்லிய மேற்பூச்சுதான் முதலில் போகும். மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். பற்பசை பாத்ரூமிலேயே இருக்கட்டும்.