வியட்நாமின் இரண்டு கோடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வியட்நாம் போர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். 17ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வடக்கை ட்ரின் குடும்பமும் தெற்கை நுயென் குடும்பமும் ஆண்டிருக்கின்றன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு சண்டையும் போட்டிருக்கின்றன. அப்படியென்றால் வடக்கும் தெற்கும் ஆதியிலிருந்தே இரண்டு தேசங்கள்தானே? நடந்துகொண்டிருந்த உள்நாட்டுச் சண்டைக்குள் அமெரிக்கா பிற்பாடு வந்தது. எல்லாப் பழியையும் அந்நியர் மேல் போடுவது நியாயமா?

ர.

அன்புள்ள ர.,

ட்ரின், நுயென் கதை உண்மைதான். ஜியான் ஆறு அவர்களுக்கு நடுவே எல்லையாக இருந்தது. ஆனால் இருவருமே தங்களைத் தனித் தேசம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நெடுங்காலம் ஹனோயில் இருந்த லே வம்ச அரசரின் பெயரில்தான் இரண்டு பக்கமும் ஆட்சி நடந்தது. அரசருக்கு உண்மையான காவலன் யார் என்பதே சண்டை. 1802இல் ஜியா லாங் முழு நாட்டையும் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தார். அதைப் பிறகு உடைத்தது பிரான்ஸ், அதுவும் மூன்றாக: கொச்சின்சீனா நேரடிக் காலனி, அன்னாமும் டோங்கினும் பாதுகாப்பில் உள்ள பகுதிகள். பழைய பிரிவினைதான் காரணம் என்றால், இடையில் ஒன்றாகவும் பிறகு மூன்றாகவும் இருந்த நாடு 1954இல் இரண்டாகப் பிரிந்ததை எப்படி விளக்குவது?

வியட்நாமை இரண்டாக்கிய முதல் கோடு 1945 ஜூலையில் போட்ஸ்டாம் மாநாட்டில் விழுந்தது. 16ஆவது அட்சரேகைக்கு வடக்கே ஜப்பானியரிடம் ஆயுதங்களை வாங்கும் வேலை சீனாவின் சியாங் கை ஷேக் படைக்கு, தெற்கே பிரிட்டனுக்கு. வேலையைப் பங்கிட்டுக்கொள்ளப் போட்ட கோடு, அவ்வளவுதான். அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. செப்டம்பர் 2 அன்று ஹோ சி மின் ஹனோயில் சுதந்திரப் பிரகடனம் வாசித்தார், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரிகளோடு தொடங்கி. அதே மாதம் சைகோனில் இறங்கிய பிரிட்டிஷ் தளபதி கிரேஸி, ஜப்பானியரின் சிறையில் இருந்த பிரெஞ்சு வீரர்களை விடுவித்துக் கையில் துப்பாக்கி கொடுத்தார். செப்டம்பர் 23 விடியும்போது சைகோனின் அரசு அலுவலகங்கள் மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தன. அப்புறம் ஹோ சி மின்னின் விடுதலை இயக்கமான வியட் மின்னுக்கு எதிராகத் தோற்றுப்போன ஜப்பானியப் படையையே பயன்படுத்தினார்கள். கிரேஸி கொண்டுவந்தது இருபதாவது இந்திய டிவிஷன். இந்தியச் சிப்பாய்களை இன்னொரு நாட்டின் விடுதலையை நசுக்க அனுப்பியதை நேரு கடுமையாகக் கண்டித்தார். நம் வரலாற்றில் நாம் பேசத் தயங்கும் பகுதி இது. பேச வேண்டும்.

இரண்டாவது கோடு ஜெனீவாவில், 1954 ஜூலையில். தியன் பியன் பூ போர்க்களத்தில் வியட் மின்னிடம் பிரான்ஸ் தோற்ற பிறகு, 17ஆவது அட்சரேகையை ஒட்டி, பென் ஹாய் ஆற்றின் பக்கமாக: வடக்கே வியட் மின் படை, தெற்கே பிரெஞ்சுப் படை. இது தற்காலிகப் படைப்பிரிப்புக் கோடு மட்டுமே, அரசியல் எல்லை அல்ல என்று மாநாட்டின் அறிவிப்பே சொன்னது. 1956 ஜூலையில் பொதுத் தேர்தல் என்பது ஏற்பாடு. இந்தக் கோட்டை வியட் மின் விரும்பி ஏற்கவில்லை. இன்னும் தெற்கே கேட்டார்கள். ஒத்துக்கொள்ளச் சொல்லி நெருக்கியவர்கள் சீனாவின் சூ என்லாயும் சோவியத்தின் மொலடோவும். அந்நியத் தலையீடு என்றால் அமெரிக்காவை மட்டும் நினைப்பது பாதிக் கதைதான்.

தேர்தல் நடக்கவே இல்லை. நாங்கள் கையெழுத்துப் போடவில்லை என்று சைகோனில் தெற்கின் ஆட்சித் தலைவர் தியெம் மறுத்தார், அமெரிக்கா அவருக்குத் துணை நின்றது. 1955இல், முன்னாள் அரசர் பாவோ தாயா தானா என்று அவர் நடத்திய வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது 98 சதவீதம். சைகோனில் பதிவான வாக்குகள் வாக்காளர்களின் எண்ணிக்கையையே தாண்டின.

ஆனாலும் மறுக்கப்பட்ட தேர்தல் மட்டும் ஒரு விவசாயியைக் கெரில்லாவாகக் காட்டுக்குள் அனுப்பாது. நிலம் அனுப்பும். மெகாங் படுகையில் பிரெஞ்சு ஆட்சி கால்வாய் வெட்டி, பெரும் பரப்புகளைச் சிலருக்கே கொடுத்திருந்தது. (அந்த நெல்வயல்களின் மேல் கடன் கொடுத்தவர்களில் நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் உண்டு.) போர்க்காலத்தில் வியட் மின் பல இடங்களில் நிலத்தைக் குத்தகைதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்தது. தியெம் ஆட்சியில் பழைய நிலக்கிழார்கள் திரும்பி வந்து குத்தகை கேட்டார்கள். 1956 சட்டம் ஒருவர் 100 ஹெக்டேர் வரை வைத்துக்கொள்ள அனுமதித்தது. கிராமசபைத் தேர்தலும் ஒழிந்தது. தலைவர்கள் மேலிருந்து நியமனம். பத்து வருடம் தன்னுடையது என்று உழுத நிலத்துக்கு மறுபடி குத்தகை அளக்கச் சொன்னால் அந்தக் குடும்பம் யார் பக்கம் போகும்?

வடக்கை நான் வெள்ளையடிக்க மாட்டேன். அங்கே நிலச் சீர்திருத்தத்தின் பெயரில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். நிலக்கிழாரே அல்லாதவர்களும் அதில் உண்டு. 1956இல் அங்கே ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியே தவறு நடந்ததை ஒப்புக்கொண்டது. ஜெனீவாவுக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், தெற்கே போனார்கள். அமெரிக்கப் பிரச்சாரம் அதைத் தூண்டியது, கப்பலும் கொடுத்தது. ஆனால் அவர்களின் பயம் நிஜமானது. அவர்களையும் பொம்மைகள் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. அமெரிக்கா பிற்பாடு வந்தது என்கிறீர்கள். பிரான்ஸின் போருக்கு அமெரிக்க உதவி தொடங்கியது 1950இல். 1954 வாக்கில் செலவில் பெரும்பகுதி அமெரிக்கப் பணம். வியட்நாம் குடியரசு என்று தெற்கில் தியெம் அறிவித்தது 1955 அக்டோபரில். தெற்கில் ஆயுதப் போராட்டத்துக்கு ஹனோய் அனுமதி தந்தது 1959 தொடக்கத்தில், அந்தப் போராட்டத்தை நடத்திய தேசிய விடுதலை முன்னணி உருவானது 1960 டிசம்பரில். ஆக, அமெரிக்கா பிற்பாடு வரவில்லை, முன்பே வந்துவிட்டது.