மகன் சம்பளம் இல்லாமல் சமைக்கப் போகலாமா?

கேள்வி: திருச்சியில் நானும் கணவரும் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறோம். மகன் கேட்டரிங் காலேஜில் கடைசி வருடம். பிரான்ஸில் மிஷ்லின் நட்சத்திரம் (சிறந்த உணவகங்களுக்குத் தரும் மதிப்பீடாம்) வாங்கிய உணவகம் ஒன்றில் ஆறு மாதம் ‘ஸ்டாஜ்’, அதாவது சமையலறையில் நின்று கற்கும் பயிற்சி, செய்ய ஒரு ஏஜென்ட் இடம் பார்த்திருக்கிறார். தங்க இடமும் சாப்பாடும் உண்டாம், சம்பளம் கிடையாதாம். ஏஜென்ட்டுக்கு ஒன்றரை லட்சம். “அங்கே கிச்சன் எப்படி இருக்கும்?” என்று கேட்டதற்கு ‘தி மெனு’ என்ற படத்தைப் போட்டுக் காட்டினான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. “காமெடிப் படம்மா” என்று சிரிக்கிறான். நிஜத்திலும் அப்படித்தான் இருக்குமா? அவனை அனுப்பலாமா? என் கணவர் இன்னும் படம் பார்க்கவில்லை. அவருக்குக் காட்டலாமா?
– எஸ்., திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, ஒன்றரை லட்சத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது படம்தான் என்பதால் அதிலிருந்து தொடங்குவோம். (படம் பார்க்காத வாசகர்கள் கவனிக்க: முடிவு வரைக்கும் சொல்லப் போகிறேன்.)

2022இல் வந்த இந்தப் படத்தை இயக்கியவர் மார்க் மைலாட். தனித் தீவில் ஓர் உணவகம், ஒரு ஆளுக்கு 1,250 டாலர். உணவு விமர்சகர், மார்க்கெட் போன நடிகர், உணவகத்தின் முதலீட்டாளருடைய செல்லப் பிள்ளைகளாக மூன்று இளைஞர்கள், பலமுறை வந்து தின்றும் ஒரு பதார்த்தத்தின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாத பணக்காரத் தம்பதி என்று வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ரேஃப் ஃபைன்ஸ் நடித்த ஷெஃப் ஸ்லோவிக் அன்றிரவு எல்லோரையும் கொன்று, தானும் சாவதாக மெனு போட்டு வைத்திருக்கிறார். கொலைகள் கற்பனை. அதில் உங்கள் மகன் சொன்னது சரி.

ஆனால் அந்த அடுப்பங்கரை கற்பனை இல்லை. படத்துக்கு உணவு ஆலோசகராக இருந்தவர் டொமினிக் க்ரென். அமெரிக்காவில் மூன்று மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற முதல் பெண் ஷெஃப். தட்டு எப்படி இருக்கும், எவர் எங்கே நிற்பார் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் பார்த்துச் செய்தது. ஷெஃப் கை தட்டியதும் வரிசையாக நின்று ஒரே குரலில் “யெஸ் ஷெஃப்!” என்கிறார்களே, அதுவும் சினிமாவுக்காகச் சேர்த்ததல்ல. பிரெஞ்சு சமையலறையைப் பிரிவு பிரிவாக அடுக்கி, யாருக்கு யார் மேல் என்று வகுத்தவர் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சு சமையல் மேதை. 1870ஆம் ஆண்டுப் போரில் ராணுவத்துக்குச் சமைத்தவர். அந்த அடுக்குக்குப் பெயரே ‘பிரிகேட்’. ராணுவச் சொல்தான்.

சமையல்காரர்கள் தூங்கும் கொட்டகையை விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டும் காட்சி நினைவிருக்கிறதா? வரிசையாகக் கட்டில்கள், அவ்வளவுதான். விடிந்தால் வேலை, நள்ளிரவு தாண்டினால் படுக்கை. உங்களை உலுக்கியது துப்பாக்கிச் சத்தத்தைவிட அந்தக் கட்டில்களாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். “தங்க இடமும் சாப்பாடும்” என்று உங்கள் ஏஜென்ட் சொன்னது அதைத்தானே!

நிஜக் கதைக்கு வருவோம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உள்ள ‘நோமா’ என்ற உணவகத்தை உலகின் சிறந்த உணவகம் என்று ஐந்து முறை அறிவித்திருக்கிறார்கள். பல வருடங்கள் அங்கே ஸ்டாஜ் பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. கொடுக்க ஆரம்பித்தது 2022 அக்டோபரில்தான். கொடுத்ததும் மாதச் செலவு 50,000 டாலருக்குக் குறையாமல் ஏறியது. 2023 ஜனவரியில், அதாவது இந்தப் படம் தியேட்டருக்கு வந்து இரண்டே மாதத்தில், வழக்கமான உணவகமாக நடத்துவதை நிறுத்தப் போகிறோம், இந்த முறை இனி கட்டுப்படியாகாது என்று அதன் ஷெஃப் ரெனே ரெட்ஸெபி அறிவித்தார். சம்பளம் கொடுத்ததால்தான் இந்த முடிவு என்று நான் சொல்லவில்லை. உலகத்திலேயே முதல் இடத்தில் இருந்த கடையின் வரவு செலவுக் கணக்கு இத்தனை காலம் யார் உழைப்பில் நேராக இருந்தது என்பதைப் பாருங்கள். தொழிலில் பெரும்பகுதி தான் கத்துகிற, தள்ளுகிற ஆளாகவே இருந்ததாக 2015இல் அவரே எழுதியும் இருக்கிறார்.

அங்கே ஸ்டாஜ் செய்த ஒரு பெண், ஹைதராபாத்தில் சமையல் படித்துவிட்டுப் போனவர், நியூயார்க் டைம்ஸிடம் சொன்னது இது: மூன்று மாதத்தில் பெரும்பாலும் அவர் செய்த வேலை, பழக்கூழைக் காயவைத்த தகட்டை வெட்டி ஒட்டி வண்டு வடிவம் செய்வது. பேசாமல் செய்ய வேண்டும், சிரிக்கக் கூடாது. உங்கள் மெஸ்ஸில் வேலைக்குச் சேரும் பையனுக்கு மூன்று மாதத்தில் வெங்காயம் முதல் வசூல் வரை பாதித் தொழில் பிடிபட்டிருக்கும். அவனிடம் “எங்களிடம் கற்றுக்கொள்கிறாய், கூலி எதற்கு?” என்று நீங்கள் கேட்பீர்களா? (கேட்கிற முதலாளிகள் நம் ஊரிலும் உண்டு. நீங்கள் அந்த ரகம் இல்லை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது.)

படத்தின் மேல் எனக்கு உள்ள குறையும் இதில்தான் இருக்கிறது. பணக்காரர்களை வகை வகையாகக் கிண்டல் செய்கிறது, ரசித்துச் சிரிக்கலாம். ஆனால் சமையல்காரர்களில் இரண்டு மூன்று பேருக்குத்தான் பெயர் இருக்கிறது. “நீ ஒருபோதும் பெரிய ஷெஃப் ஆகமாட்டாய்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டு, “யெஸ் ஷெஃப்” என்று ஆமோதித்துத் தன்னையே சுட்டுக்கொள்ளும் ஜெரமி ஒருவன். மற்றவர்கள் கடைசியில் விருந்தாளிகளோடு சேர்ந்து எரிகிறார்கள், “வீ லவ் யூ, ஷெஃப்!” என்று கத்தியபடி. ஒருவர்கூட “ஊரில் எனக்கு அம்மா இருக்கிறார், நான் கிளம்புகிறேன்” என்று சொல்லவில்லை. விருந்தாளிகளை ‘எடுப்பவர்கள்’ என்றும் தன் ஆட்களைக் ‘கொடுப்பவர்கள்’ என்றும் ஸ்லோவிக் பிரிக்கிறார். தன் ஆட்களிடம் அவர் எவ்வளவு எடுத்தார் என்று படத்தில் எவரும் சத்தம் போட்டுக் கேட்பதில்லை. ஒரு பெண் சமையல்காரர் மட்டும் கத்திரிக்கோலால் அவரைக் குத்துகிறார், அதுவும் மெனுவில் ஏற்கெனவே எழுதியபடி.

தப்பிப்பவள் அன்யா டெய்லர் ஜாய் நடித்த மார்கோ என்ற விருந்தாளி. ஷெஃபின் வீட்டில் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்க்கிறாள். இளவயதில், சின்னக் கடை ஒன்றில், சிரித்தபடி பர்கர் புரட்டிக்கொண்டிருக்கிறார் அதே மனிதர். திரும்பி வந்து, “உங்கள் சாப்பாட்டில் அன்பு இல்லை, எனக்கு இன்னும் பசிக்கிறது, ஒரு சீஸ் பர்கர் போடுங்கள்” என்கிறாள். பத்து டாலருக்கும் குறைவான அந்தப் பர்கரைச் செய்யும்போதுதான் அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு சமையல்காரர் தெரிகிறார். இதை எல்லோரும் ‘எளிய உணவின் வெற்றி’ என்கிறார்கள். எனக்குத் தோன்றியது வேறு: அந்தக் கடையில் அவருக்கு மணிக்கணக்கில் கூலி கிடைத்திருக்கும், ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போயிருப்பார்.

இனி உங்கள் மகன் விஷயம். பிரான்ஸில் ஸ்டாஜ் இரண்டு மாதத்தைத் தாண்டினால் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். மணிக்கு நான்கு யூரோவுக்கு மேல், முழுநேரம் செய்தால் மாதம் 600 யூரோவைத் தாண்டும். பெரிய தொகை இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. ஆறு மாதம் சம்பளமில்லாத ஸ்டாஜ் என்று ஒருவர் சொன்னால், அந்த உணவகம் சட்டத்தை மீறுகிறது அல்லது அந்தப் பணம் நடுவில் எங்கோ நிற்கிறது. அதோடு மாணவர், கல்லூரி, உணவகம் மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். ‘கொன்வான்சியோன் த ஸ்டாஜ்’ என்பார்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். மகனின் கல்லூரி முதல்வரிடம் நேரில் போய், “இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டீர்களா?” என்று கேளுங்கள். போடவில்லை என்றால் அங்கேயே கதை முடிந்தது. “முதலில் விசிட் விசாவில் போகட்டும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த விசாவில் அடுப்படியில் நிற்க அனுமதி கிடையாது. பிடிபட்டால் பையனுக்குத்தான் பிரச்சினை, ஏஜென்ட்டுக்கு இல்லை.

அந்த ஒன்றரை லட்சம்: வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்ச வரம்பே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பதிவு எண் கேளுங்கள், மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபாருங்கள். “இது வேலை இல்லை, பயிற்சி, அந்த விதி எங்களுக்கு வராது” என்பார். அப்படியானால் எந்த விதி வரும் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இந்த இடத்துக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. போகவே கூடாது என்றில்லை. நல்ல கிச்சனில் ஆறு மாதம் நின்றால் கத்தி பிடிக்கும் கையே மாறிவிடும், அதை நான் மறுக்கவில்லை. பணமும் ஒப்பந்தமும் உள்ள இடமாக மகனே நேரடியாக எழுதிக் கேட்கட்டும். அங்கே இப்போது ஸ்டாஜ் செய்யும் ஒரு பையனோடு வீடியோவில் பேசட்டும். ‘எத்தனை வாரத்துக்கு ஒருமுறை செக்‌ஷன் மாற்றுகிறார்கள்? கடைசியாக எப்போது லீவு கிடைத்தது?’ இந்த இரண்டைக் கேட்டாலே போதும், இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்க வேண்டாம். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணம் அவன் கணக்கில் தனியாக இருக்கட்டும். இந்தப் படத்தை எழுதியவர்களில் ஒருவரான வில் ட்ரேசிக்குக் கதை தோன்றியதே, நார்வேயில் ஒரு தீவு உணவகத்துக்குச் சாப்பிடப் போய், ஏற்றி வந்த படகு தன்னை விட்டுவிட்டுக் கிளம்புவதைப் பார்த்தபோதுதான்.

நட்சத்திரம் வாங்க பிரெஞ்சு சாஸ் மட்டுமே வழி என்று மகன் நினைத்தால், நியூயார்க்கில் ‘செம்ம’ என்ற தமிழ்நாட்டுச் சாப்பாட்டு உணவகத்தின் ஷெஃப் விஜய்குமாரைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் வயலில் பொறுக்கிச் சாப்பிட்ட நத்தையைத்தான் அங்கே பரிமாறுகிறார். 2022இல் மிஷ்லின் நட்சத்திரம், 2025இல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது. உங்கள் மெஸ் குழம்பு எந்த ஊர் மேசைக்குப் போகும் என்று இப்போதே யார் சொல்ல முடியும்?

கணவருக்குப் படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். ஒரு காட்சியில் மட்டும் பக்கத்தில் இருங்கள். ரொட்டி ஏழைகளின் உணவு, நீங்கள் ஏழைகள் இல்லை, ஆகவே உங்களுக்கு ரொட்டி கிடையாது என்று அறிவித்துவிட்டு, தொட்டுக்கொள்ளும் வகைகளை மட்டும் சொட்டுச் சொட்டாக வைத்துத் தட்டை நீட்டுகிறார் ஸ்லோவிக். விமர்சகர் அம்மா அதையும் சிலாகிக்கிறார். சோறு வைக்காமல் குழம்பை மட்டும் ஊற்றிவிட்டு 1,250 டாலர் பில் போடுவதைப் பார்த்து, ஒரு மெஸ் முதலாளிக்கு என்னென்ன யோசனை வருமோ!