புக்கிட் பிந்தாங்கில் வேலை கிடைத்திருக்கும் தம்பிக்கு

தம்பி, கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைத்திருக்கிறது, பெரியபட்டினத்திலிருந்து அடுத்த மாதம் கிளம்புகிறேன், அந்த ஏரியா முழுக்க பாரும் கிளப்பும்தான் என்று யாரோ சொல்லி உம்மா பயந்துபோய் இருக்கிறார்கள், அங்கேயே அறை எடுக்கலாமா, ஹலால் சாப்பாடு கிடைக்குமா காக்கா என்று கேட்டிருந்தாய். நான் கீழக்கரை. பல வருஷமாகப் புக்கிட் பிந்தாங்கில்தான் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உம்மாவைச் சமாதானப்படுத்து. புக்கிட் பிந்தாங் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே தெருவுக்குத் தெரு வேறு ஊர்தான். பார்கள் நெருக்கமாக இருப்பது சங்காட் புக்கிட் பிந்தாங் என்கிற மேட்டுத் தெருவிலும் அதை ஒட்டியும். பகலில் போனால் பாதிக் கடை மூடியிருக்கும். ராத்திரி ஆனால் வாசலில் ஆள் நின்று கூப்பிடுவார்கள், நாலு கடைப் பாட்டு ஒரே நேரத்தில் காதில் விழும். அந்த வழியாக நடந்து போவதில் ஒன்றுமில்லை, யாராவது கூப்பிட்டால் நிற்காமல் போய்க்கொண்டே இரு. ஆனால் அங்கேயும் பக்கத்து தெங்காட் தோங் ஷின்னிலும் அறை மட்டும் எடுக்காதே, காலையில் வேலைக்குப் போகிறவன் தூங்க வேண்டுமே.

அங்கிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் ஜாலான் ஆலோர். சாயங்காலம் ஆனதும் பிளாஸ்டிக் மேஜை நாற்காலியைத் தெருவிலேயே இழுத்துப் போட்டுவிடுவார்கள், தலைக்கு மேலே சிவப்புச் சீன விளக்குகள், கரி அடுப்பில் கோழி இறக்கை வாட்டுகிற புகை. திருக்கை மீனை வாழை இலையில் வைத்து மிளகாய் விழுது பூசி வாட்டுவதைப் பார்த்தால், ஊரில் திருக்கைப் புட்டு சாப்பிட்டு வளர்ந்த நமக்குக் கால் தானாக நிற்கும். ஆனால் பெரும்பாலும் சீனர் கடைகள், பன்றி சமைக்கிற சட்டியும் உண்டு. இன்னொன்றையும் மனதில் வை: சில கடைகளில் ‘பன்றி இல்லை’ என்று போர்டு இருக்கும், அதை வைத்து ஹலால் என்று முடிவு செய்யாதே, சாராயம் சேர்த்திருக்கலாம், கறி எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. மலேசிய அரசின் இஸ்லாமியத் துறையான ஜாக்கிம் கொடுக்கும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் அடுத்த கடை.

சாப்பாட்டுக்கு நீ அலையவே வேண்டாம். ஜாலான் பெராங்கான் பக்கம் அரபுக்காரர்கள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, மந்தி, கப்சா என்கிற கறிச்சோறு, ஷவர்மா எல்லாம் கிடைக்கும், வளைகுடாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அந்தத் தெருவிலேதான் உட்கார்ந்திருப்பார்கள். விலை கொஞ்சம் அதிகம், அதனால் சம்பள நாளுக்கு வைத்துக்கொள். தினசரிக்கு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை. இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் கடைகள் உண்டு, நம்ம மாவட்டத்து ஆட்கள் நிறையப் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். ‘தே’ என்று மட்டும் கேட்டால் டின் பால் ஊற்றித் தித்திப்பாக வரும், ‘தே ஓ’ என்றால் பால் இல்லாமல், ‘கோசோங்’ சேர்த்தால் சர்க்கரையும் இல்லாமல். ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் பருப்புக் குழம்பும் ரொம்ப மலிவு, ஆனால் அதையே மூன்று வேளையும் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பையன்களை நிறையப் பார்க்கிறேன், நீ அப்படிச் செய்யாதே. வேண்டிய கறிகளை நாமே எடுத்துச் சோற்றோடு சாப்பிடுகிற நாசி சம்பூர் கடையில் காய்கறியும் மீனும் வைத்துச் சோறு சாப்பிடு.

பெவிலியன், லாட் 10 பக்கம் எல்லாம் பெரிய மால்கள், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போன், லேப்டாப் வேண்டுமென்றால் லோ யாட் பிளாசா, நாலு கடை விசாரித்து வாங்கு. ஹாங் துவா பக்கம் போனால் பழைய புடு சிறைச்சாலை இருந்த இடத்தைப் பார். 1996இல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள், இப்போது அங்கே பெரிய மால் நிற்கிறது, வாசல் வளைவை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொழுகைக்கு அல்புகாரி பள்ளிவாசல் பக்கம்தான். மால்களிலும் சூராவ் என்கிற தொழுகை அறை இருக்கும்.

சரி, அறை விஷயம். எம்ஆர்டி மெட்ரோ ரயில் 2017இல் புக்கிட் பிந்தாங் வழியாக ஓட ஆரம்பித்ததிலிருந்து ஏரியாவுக்குள்ளேயே குடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. காஜாங் பக்கம் போகிற ரயிலில் காக்ரேன், மலூரி என்று இரண்டு மூன்று ஸ்டேஷன் தள்ளிப் பார், வாடகையும் குறையும், தூக்கமும் வரும். வீடாக எடுத்தால் பொதுவாக இரண்டு மாத வாடகை டெபாசிட், கரண்ட் தண்ணீருக்கு இன்னொரு அரை மாதம் கேட்பார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு வா. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதே, சொந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

அப்புறம் ரொம்ப முக்கியமானது: டூரிஸ்ட் விசாவில் வந்து இறங்கு, இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் கிளம்பாதே. அந்த விசாவில் வேலை பார்ப்பது சட்டவிரோதம், பிடிபட்டால் உம்மாவுக்குத்தான் கஷ்டம். வேலை அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு, படித்துப் பார்த்துச் சொல்கிறேன். வந்து சேர்ந்தபின் முதல் வெள்ளிக்கிழமை மஸ்ஜித் இந்தியா பள்ளிவாசலுக்கு வா, தமிழில் குத்பா கேட்கலாம், ஜும்ஆ முடிந்ததும் நம்ம பக்கத்து ஆட்கள் நாலு பேரை அறிமுகம் செய்து வைக்கிறேன்.