ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் சமன்பாடு தீர்க்கும் திறனை எப்படி மதிப்பிடுவது?

தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்களே, சற்று மாற்றிக் கேட்ட சமன்பாட்டில் தடுமாறுவது ஏன் என்றும், அவர்களின் திறனைச் சரியாக மதிப்பிட என்ன வழி என்றும் கேட்டிருக்கிறீர்கள். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் நான் கண்ட காரணம் இதுதான்: தவறான வழியில் சென்றாலும் சரியான விடை வந்துவிடும்படியான எண்களையே நாம் வினாத்தாளில் கொடுத்துவிடுகிறோம். (மாறிகளை இங்கே அ, ஆ, இ என்று எழுதுகிறேன்.)

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் 4அ = 12, 5அ = 35 போன்ற பத்துக் கணக்குகளையும் பிழையின்றிச் செய்திருந்தான். அவனைப் பக்கத்தில் அமர்த்தி, 6அ = 3 என்று எழுதிக் கொடுத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னேன். சற்றும் தயங்காமல் அ = 2 என்று எழுதினான். ஏன் என்று கேட்டதற்கு, "பெரிய எண்ணைச் சின்ன எண்ணால்தானே சார் வகுக்கணும்?" என்றான். முந்தைய பத்துக் கணக்குகளிலும் அவன் கையாண்டது இதே விதியைத்தான். அங்கெல்லாம் வலப்பக்கத்து எண் பெரிதாக இருந்ததால் பிழை வெளியே தெரியவில்லை. விடையைப் பிரதியிட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆறிரண்டு பன்னிரண்டு என்று முணுமுணுத்தவன், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து, விடை பின்னமாகவோ குறை எண்ணாகவோ பூச்சியமாகவோ வரும் கணக்கு ஒன்றாவது இல்லாமல் நான் எந்தச் சமன்பாட்டுத் தேர்வும் வைத்ததில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது சமக்குறி. 8 + 4 = __ + 5 என்று கொடுத்தால், கோடிட்ட இடத்தில் 12 என்று நிரப்பும் பிள்ளைகள் மேல்வகுப்புகளிலும் இருக்கிறார்கள். 'இதோ விடை' என்பதற்கான அடையாளமாகவே சமக்குறியைப் பழகிவிட்ட மாணவனுக்கு, இருபுறமும் மாறி வரும் 5அ + 3 = 2அ + 18 போன்ற சமன்பாடு புரியாது; 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற மனப்பாடம் மட்டுமே அவனுக்குத் துணை. 1970களில் லண்டனில் நடந்த ஆய்வொன்றில் கேட்ட வினாவையும் நான் தவறாமல் பயன்படுத்துகிறேன்: அ + ஆ = 8 எனில், அ + ஆ + இ எவ்வளவு? 8 + இ என்பதே விடை. ஆனால் ஒவ்வொன்றையும் 4 என்று வைத்துக்கொண்டு 12 என்பவர்களும், 8இ என்று ஒட்டி எழுதுபவர்களும் உண்டு. எழுத்து எதைக் குறிக்கிறது என்பதில் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்பதை அந்த விடையே காட்டிக்கொடுத்துவிடும். பத்தாம் வகுப்புக்கு இதே வேலையைச் செய்வது அ² = 5அ என்ற சமன்பாடு. இருபுறமும் அ-வால் வகுத்து 5 என்று மட்டும் எழுதும் மாணவன், காரணிப்படுத்துதல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம் ஆகிய மூன்று முறைகளையும் ஒப்பித்தாலும் பூச்சியம் என்ற மூலத்தை இழந்துவிடுகிறான்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களை இதற்கு நம்பாதீர்கள். கொடுத்த விடைகளை ஒவ்வொன்றாகப் பிரதியிட்டே, சமன்பாட்டைத் தீர்க்காமல் மதிப்பெண் பெற்றுவிடலாம். அதற்குப் பதிலாக, "3 தீர்வாக வரும் ஒரு சமன்பாட்டை எழுதுக, இருபுறமும் மாறி இருக்க வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள், பார்த்து எழுதவும் வழியில்லை.

திருத்தும்போது கூட்டல் பிழையையும் கருத்துப் பிழையையும் ஒரே சிவப்புக் கோட்டால் அடிக்காமல், இரண்டுக்கும் தனித்தனிக் குறியிட்டு ஒரு நோட்டில் பெயர்வாரியாகக் குறித்துவையுங்கள். 2(அ − 3) என்பதை 2அ − 3 என்று விரிப்பவர் எத்தனை பேர் என்பது மொத்த மதிப்பெண்ணில் தெரியவே தெரியாது. அந்த நோட்டில் தெரியும். விடையைப் பிரதியிட்டுச் சரிபார்ப்பதற்கென்று ஒரு மதிப்பெண் ஒதுக்கினால், சரிபார்க்கும் பழக்கம் தானாக வரும்.

நாற்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவரையும் பக்கத்தில் அமர்த்திக் கேட்க நேரம் எங்கே என்பீர்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இருவர் என்று வைத்துக்கொண்டால் இருபது பள்ளி நாட்களில் முழு வகுப்பும் முடிந்துவிடும். முழு மதிப்பெண் வாங்குபவர்களிடமிருந்தே தொடங்குங்கள். அவர்களைத்தான் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.